ஆயக்கட்டை இழந்த ஏரிகள்: தென்சென்னையின் மழைநீரும் அதன் வழித்தடங்களும்

சென்னையில் ஆண்டுக்குச் சராசரியாக 1,400 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. இதில் ஏறத்தாழ 60 விழுக்காடு அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவத்திலேயே பெய்துவிடுவதாலும், அப்பருவத்துக்குள்ளும் வங்கக் கடலில் உருவாகும் ஒரு சில தாழ்வு மண்டலங்களும் புயல்களும் கொண்டுவரும் மழையே பெரும்பங்காக இருப்பதாலும், நகரத்தின் ஓராண்டு நீர்க்கணக்கு விரல்விட்டு எண்ணக்கூடிய சில நாட்களில் தீர்மானமாகிவிடுகிறது. 2015 டிசம்பர் 1 அன்று தொடங்கிய 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 செ.மீ. மழையும் செம்பரம்பாக்கத்தில் 47 செ.மீ. மழையும் பதிவாகி, அடையாற்றங்கரையும் தென்புறநகரும் நீரில் மூழ்கின. அதன்பின் நான்கு ஆண்டுகள் முடிவதற்குள், 2019ஆம் ஆண்டுக் கோடையில், பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஆகிய நான்கு நீர்த்தேக்கங்களும் ஏறத்தாழ வறண்டுபோக, ஜூலை 12 அன்று ஜோலார்பேட்டையிலிருந்து 50 பெட்டிகள் கொண்ட ரயில் 25 லட்சம் லிட்டர் குடிநீருடன் வில்லிவாக்கம் வந்து சேர்ந்தது. வெள்ளமும் வறட்சியும் எதிரெதிரானவையாகத் தோன்றினாலும், இவ்விரண்டின் பின்னாலும் நிற்பது ஒரே கேள்விதான்: தரையில் விழுந்த மழை எவ்வளவு நேரம் அங்கே தங்க விடப்படுகிறது என்பது.

புல்லும் புதரும் மரமும் மூடிய மண்ணில் விழும் மழையின் ஒரு பகுதி இலைகளிலேயே தங்கி ஆவியாகிறது. ஒரு பகுதி மண்ணின் நுண்துளைகள் வழியாக இறங்கி வேர்களுக்கும், அதற்கும் கீழே நிலத்தடி நீருக்கும் சேர்கிறது. மண் நிறைவுற்ற பின் எஞ்சுவதே மேற்பரப்பில் வழிந்தோடுகிறது. பெய்த மழையில் இவ்வாறு வழிந்தோடும் பங்கை நீரியலாளர்கள் வழிந்தோட்டக் கெழு என்கின்றனர். மணற்பாங்கான தோட்டத்தில் அது 0.1 அல்லது 0.2 அளவில் இருக்கும். தார்ச்சாலையிலும் கான்கிரீட் மேல்தளத்திலும் 0.8 முதல் 0.95 வரை உயரும். ஒரு சதுர கிலோமீட்டர் பரப்பில் ஒரே நாளில் 10 செ.மீ. மழை பெய்தால் அங்கே விழும் நீர் 10 கோடி லிட்டர். அப்பரப்பு தோப்பும் மேய்ச்சல் நிலமுமாக இருந்த காலத்தில் சுமார் 2 கோடி லிட்டர் நீர் வெளியேறியிருந்தால், வீடுகளும் தெருக்களும் நெருங்கிய பின் 8 கோடி லிட்டர் வெளியேறும். மழையின் அளவு மாறாமலேயே வெள்ளம் நான்கு மடங்காகிறது என்பதையும், முன்பு மண்ணுக்குள் இறங்கிய அந்த 6 கோடி லிட்டரே கோடையில் கிணறுகளில் காணாமற்போகும் நீர் என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

அளவைவிட வேகம் இன்னும் கூடுதலாகத் தீங்கு செய்கிறது. மண்ணிலும் ஓடையிலும் நின்று நிதானித்து வந்த நீர் பல மணி நேரத்தில் பரவலாக ஒரு புள்ளியை அடையும். கூரையிலிருந்து குழாய்க்கும், குழாயிலிருந்து சாலையோர வடிகாலுக்கும், அங்கிருந்து கால்வாய்க்கும் தடையின்றி ஓடும் நீரோ சில நிமிடங்களில் ஒருசேர வந்து குவியும். இவ்வாறு குவியும் நேரத்தின் மிகக் கூடுதலான ஓட்டமே உச்சப் பெருக்கு எனப்படுகிறது. மழைநீர் வடிகாலின் அகலமும் ஆழமும் மழையின் செறிவு, பரப்பு, வழிந்தோட்டக் கெழு ஆகிய மூன்றையும் பெருக்கி வரும் உச்சப் பெருக்கை வைத்தே கணக்கிடப்படுகின்றன. கணக்கில் கொண்ட செறிவை விஞ்சி மழை பெய்தாலோ, கணக்கிட்ட பின் மேலும் பல மனைகளில் கட்டடம் எழுந்தாலோ, அவ்வடிகால் தோல்வியடையும். மேல்பகுதியில் வடிகாலை அகலப்படுத்துவது அப்பகுதிக்கு உடனடி விடுதலை தருகிறது என்பது உண்மையே. ஆனால் அதே நீர் முன்னைவிட வேகமாகத் தாழ்வான அடுத்த குடியிருப்பை அடைகிறது. சரிவு மிகுந்த நகரங்களில் கீழே ஆறோ கடலோ அதனை ஏற்றுக்கொள்ளும். சென்னையின் பெரும்பகுதி கடல் மட்டத்திலிருந்து சில மீட்டர் உயரத்திலேயே இருப்பதால், இங்கே நீரை இழுக்கும் சரிவு மிகக் குறைவு. மழையைக் கொண்டுவரும் புயலே கடல் மட்டத்தையும் உயர்த்துகிறது. கரையோர நீரோட்டம் கொண்டுவந்து சேர்க்கும் மணல் கூவம், அடையாறு முகத்துவாரங்களை அடிக்கடி அடைக்கிறது. ஓதம் ஏறும் நேரத்தில் கால்வாய் நீர் கடலில் சேராமல் பின்னோக்கித் தேங்குகிறது. எவ்வளவு பெரிய வடிகாலும் தன் வாயில் நிற்கும் நீர்மட்டத்துக்குக் கீழே நீரை வடிக்க இயலாது.

இத்தகைய சமதளத்தில் நீரை விரைந்து வெளியேற்றுவதைவிட வழியில் பல இடங்களில் நிறுத்தி நிறுத்தி அனுப்புவதே பொருத்தமான முறை என்பதைத் தொண்டை மண்டலத்து உழவர்கள் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே செயலில் கண்டிருந்தனர். மென்சரிவின் குறுக்கே பிறை வடிவில் மண்கரை எழுப்பி, மேல்புறத்திலிருந்து வரத்துக்கால்வாய் வழியாக நீரை உள்ளே விட்டு, கரையின் அடியில் உள்ள மதகு வழியாக வயலுக்குப் பாய்ச்சி, நிறைந்த பின் மிகும் நீரைக் கரையின் ஒரு கோடியில் கல்லால் கட்டிய கலங்கல் வழியாக வழியவிட்டால், அந்த உபரிநீர் போக்குக்கால்வாயில் ஓடி அடுத்த ஏரியின் வரத்தாகிறது. ஒவ்வோர் ஏரியும் உச்சப் பெருக்கின் ஒரு பகுதியைத் தன்னிடம் வைத்துக்கொண்டு மீதியைத் தாமதப்படுத்தி அனுப்புவதால், கடைசி ஏரியை அடையும் வெள்ளம் தணிந்தே வரும். இன்றைய பொறியியல் நூல்கள் தாமதத் தேக்கம் என்று குறிப்பிடும் ஏற்பாடு இதுவே.

அந்த அமைப்பைக் காத்தது கல்லும் மண்ணும் மட்டுமல்ல. மதகிலிருந்து பாசனம் பெறும் வயல்பரப்பு ஆயக்கட்டு எனப்படும். ஆயக்கட்டில் நிலம் வைத்திருந்தோருக்கு வரத்துக்கால்வாய் தூர்ந்தால் அவ்வாண்டின் நெல் இல்லை. உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் கூறும் ஏரி வாரியமும், பிற்காலத்தில் ஊரார் சேர்ந்து கரை பலப்படுத்திக் கால்வாய் தூர்வாரிய குடிமராமத்தும் இந்தத் தேவையிலிருந்தே வலிமை பெற்றன. அம்முறையைப் பொற்காலமாக வரைந்துகாட்டுவது நேர்மையாகாது: சேற்றில் இறங்கி உழைத்தவர்களுள் பெரும்பாலோர் நிலமற்ற ஒடுக்கப்பட்ட சாதியினர், மதகைத் திறந்து மூடி வயலுக்கு வயல் நீர் பங்கிட்ட நீர்கட்டியின் கையில் அறிவு இருந்தது, நிலம் இருக்கவில்லை. எனினும், ஏரியின் நிலையைத் தம் வாழ்வின் நிலையாக எண்ணும் மக்கள் அதன் கரைக்குக் கீழே இருந்தனர் என்பது மறுக்க இயலாத உண்மை.

நகரம் விரிந்தபோது முதலில் அழிந்தது இந்த உறவு. வயல்கள் வீட்டுமனைகளாயின, மதகுகளுக்கு வேலை இல்லாமற்போயிற்று, நீர் பாய்ச்சாத ஏரி, வருவாய்ப் பதிவேட்டில் மட்டும் புறம்போக்காக எஞ்சி, கட்டடத்துக்காகக் காத்திருக்கும் காலிமனையாகப் பார்க்கப்பட்டது. 1920களில் மாம்பலத்து நெடிய ஏரியை வடித்தே தியாகராய நகர் உருவாக்கப்பட்டது. நுங்கம்பாக்கம் ஏரியிருந்த இடத்தில் 1970களில் வள்ளுவர் கோட்டம் எழுந்தது. மேற்கு மாம்பலத்தில் ஏரிக்காட்சிச் சாலை என்ற பெயரில் இன்றும் ஒரு சாலை உண்டு. பார்ப்பதற்கு ஏரிதான் இல்லை. முழு ஏரிகள் மறைந்ததைவிட மெல்ல நிகழ்ந்ததும் மீட்கக் கடினமானதும் கால்வாய்களின் மறைவே. 10 அடி அகல வரத்துக்கால்வாயின் மேல் ஒரு தெரு அமைந்துவிட்டால், ஏரி தன் முழுப் பரப்போடு பத்திரமாக இருந்தாலும் மழைநீருக்கு அதனுள் வர வழியில்லை. போக்குக்கால்வாய் அடைபட்டால் கலங்கலில் வழியும் நீர் வீடுகளுக்குள் புகுகிறது. கோடையில் வறண்டும் மழையில் ஊரை மூழ்கடித்தும் நிற்கும் ஏரிகள் பலவற்றின் கதை இதுதான்.

தென்புறநகரில் இச்சங்கிலியின் ஒரு கிளையை இன்றும் தொடர்ந்து பார்க்க முடிகிறது. சிட்லபாக்கம், இராஜகீழ்ப்பாக்கம் ஏரிகளின் உபரிநீர் செம்பாக்கம் ஏரிக்கும், அங்கிருந்து நன்மங்கலம், கீழ்க்கட்டளை, நாராயணபுரம் ஏரிகள் வழியாகப் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்துக்கும் செல்கிறது. கழுவேலி என்று அப்பகுதி மக்கள் அழைத்துவந்த அச்சதுப்பு நிலம் சுமார் 250 சதுர கிலோமீட்டர் பரப்பின் வெள்ளத்தையும், அதிலுள்ள பல பத்து ஏரிகளின் உபரியையும் தாங்கி, ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்காம் கால்வாயில் விட்டு, தெற்கே கோவளத்துக் கழிமுகத்தில் கடலோடு சேர்க்கிறது. ஒரு காலத்தில் 5,000 ஹெக்டேருக்கு மேல் பரந்திருந்ததாகக் கணிக்கப்படும் அந்நிலத்தை ஆங்கிலேயர் காலப் பதிவேடுகள் பயனற்ற தரிசாகவே கருதின. அதன்பின் வந்த நிர்வாகங்களும் அப்பார்வையை மாற்றிக்கொள்ளாததால், பெருங்குடிக் குப்பைக் கிடங்கும், தகவல் தொழில்நுட்ப வளாகங்களும், அரசு நிறுவனங்களும், பறக்கும் ரயில் பாதையும் அதன்மேல் எழுந்தன. பறவையியலாளர்களும் குடியிருப்போர் சங்கங்களும் பல ஆண்டுகள் குரல் கொடுத்த பின், 2007இல் 317 ஹெக்டேர் காப்புக்காடாக அறிவிக்கப்பட்டது; 2022இல் கூடுதல் பரப்போடு, ஏறத்தாழ 1,248 ஹெக்டேர், ராம்சர் உடன்படிக்கையின்கீழ் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலமாகப் பட்டியலிடப்பட்டது.

எல்லை வரைந்து பாதுகாப்பதால் மட்டும் சதுப்பு நிலம் பிழைக்காது என்பதற்குச் சங்கிலியின் மேற்கண்ணிகளே சான்று. புதைசாக்கடை அமைப்பு வராமலேயே குடியிருப்பு பெருகிய இப்பகுதிகளில், சமையலறைக் கழிவுநீர் தெருவோர மழைநீர் வடிகாலில் விடப்பட்டு, கழிவறைத் தொட்டிகளின் நீரும் கசிந்து அதிலேயே கலந்து, ஏரியைத் தேடி வருகிறது. இது நீரை மாசுபடுத்துகிறது என்பது யாவரும் அறிந்தது. ஏரியின் பருவ ஒழுங்கையே குலைக்கிறது என்பது அந்த அளவுக்குப் பேசப்படுவதில்லை. பருவமழையில் நிறைந்து, சித்திரை, வைகாசியில் ஓரங்கள் வெடித்துக் காய்வது இவ்வேரிகளின் இயல்பு. காயும்போது அடிச்சேற்றில் உயிர்வளி புகுந்து அழுகிய கரிமப் பொருள் சிதைகிறது. ஆகாயத்தாமரை நீரின்றி மடிகிறது. வற்றும் சேற்றுத்திட்டுகளில் உள்ளானும் நாரையும் இரை தேடுகின்றன. இவை எல்லாவற்றையும்விட, ஐப்பசி மழை வரும்போது அதனைத் தாங்கக் காலியிடம் இருக்கிறது. ஆண்டு முழுவதும் கழிவுநீர் வந்தால் ஏரி கோடையிலும் நிறைந்தே நிற்கும். பச்சைக் கம்பளமாய் ஆகாயத்தாமரை மூடிய அந்த நீர்ப்பரப்பைத் தொலைவிலிருந்து காண்போர் செழுமை என்று எண்ணக்கூடும். உண்மையில் அந்த ஏரியின் வெள்ளத்தாங்கும் கொள்ளளவு முன்பே செலவழிக்கப்பட்டுவிட்டது, முதல் பெருமழையிலேயே அது கலங்கலில் வழியும்.

ஓர் ஏரியின் நோயை அதன் வரத்துக்கால்வாய் வாயில் நின்றால் தெளிவாகக் காணலாம். மழையில்லாத நாளிலும் அங்கே கருநீலம் பாய்ந்த சாம்பல்நிற நீர் கணுக்கால் ஆழத்தில் ஓடிக்கொண்டிருந்தால், அது வீடுகளிலிருந்து வருவது. சேற்றைக் கம்பால் கிளறினால் குமிழியிட்டு அழுகிய முட்டை நாற்றம் எழுமானால், உயிர்வளி தீர்ந்துபோன சேற்றில் நுண்ணுயிரிகள் கந்தகச் சேர்மங்களைச் சிதைக்கின்றன என்று பொருள். முதல் மழையின் முதல் அரைமணி நேரத்தில் நீர் கருப்பாக வரும். பல மாதங்களாகச் சாலையில் படிந்த டயர்த் துகள், எண்ணெய், துத்தநாகம், ஈயம், குப்பைச் சாறு யாவற்றையும் கழுவிக்கொண்டு வரும் இந்த முதற்பெருக்கு, மழையின் அளவில் சிறுபங்காக இருந்தாலும் மாசில் பெரும்பங்கை ஏந்தி வருகிறது. பால் பாக்கெட்டும் நெகிழிப் பையும் அதற்குப் பின் மிதந்து வந்து கம்பிவலையில் அடையும்.

சிட்லபாக்கத்தில் 86 ஏக்கராக இருந்த ஏரி 46 ஏக்கராகச் சுருங்கி, கரையோரம் குப்பை கொட்டுமிடமாகிப் போன நிலையில், 2019ஆம் ஆண்டின் கடும் வறட்சியில் ஆழ்துளைக் கிணறுகள் வற்றியபோது, குடியிருப்போரே வார இறுதிகளில் கடப்பாரையும் மண்வெட்டியுமாக ஏரிக்குள் இறங்கினர். அவர்கள் அள்ளிய சேறு ஏரியின் கொள்ளளவைப் பொறுத்தவரை மிகச் சிறிது. இயந்திரங்கள் ஒருசில நாட்களில் அள்ளிவிடக்கூடியது. ஆனால் அந்த வார இறுதிகளில் எந்தத் தெருவின் வடிகால் எங்கே ஏரிக்குள் திறக்கிறது, எந்த இடத்தில் லாரி வந்து கழிவைக் கொட்டுகிறது, பழைய வரத்துக்கால்வாய் எந்த வீட்டின் மதிலுக்கு அடியில் புதைந்திருக்கிறது என்பன போன்ற விவரங்கள் ஊராரின் பொது அறிவாயின. அதன்பின் அரசு 25 கோடி ரூபாய் ஒதுக்கிப் புனரமைப்பைத் தொடங்கியபோது, பணியின் ஒவ்வொரு கட்டத்தையும் கேள்வி கேட்கும் மக்கள் கரையில் இருந்தனர். ஆயக்கட்டு மறைந்தபோது அறுந்த உறவு வேறு வடிவில் மீண்டும் முளைத்தது என்று இதனைக் கொள்ளலாம்: நெல்லுக்குப் பதிலாகக் கிணற்று நீர்மட்டமும், வீட்டுவாசலில் ஏறும் வெள்ளமும் இப்போது மக்களை ஏரியோடு பிணைக்கின்றன.

செம்பாக்கத்தில் நடந்தது வேறு வகை. சுமார் 100 ஏக்கர் பரப்புள்ள அந்த ஏரியின் மீட்புப் பணியை நேச்சர் கன்சர்வன்சி, கேர் எர்த் அறக்கட்டளை, சென்னை ஐஐடி ஆகியவை அரசின் இசைவோடு மேற்கொண்டன. வருகிற கழிவுநீரை முற்றிலும் தடுக்கப் பல்லாண்டுகள் ஆகும் என்ற நடைமுறையை ஏற்று, அதனை ஏரிக்குள் நுழையுமுன் தாவரங்களைக் கொண்டே சுத்திகரிப்பது இங்கே முதன்மையான உத்தி. இத்தகைய செயற்கை ஈரநிலத்தில் நீர் முதலில் ஓர் ஆழ்ந்த தொட்டியில் நின்று கனமான வண்டலை இறக்குகிறது. பின்னர்ச் சம்பு, கோரை, நாணல் போன்றவை அடர்ந்த ஆழமற்ற படுகையில் மெதுவாக ஊர்ந்து செல்கிறது. இச்செடிகளின் தண்டுகள் உள்ளே காற்றறைகள் கொண்டவை. அவற்றின் வழியாக வேர்முனைக்கு இறங்கும் உயிர்வளி வேரைச் சுற்றி ஒரு மெல்லிய உயிர்வளிப் படலத்தை உண்டாக்க, அங்கு வாழும் நுண்ணுயிரிகள் கழிவிலுள்ள அம்மோனியாவை நைட்ரேட்டாக மாற்றுகின்றன. சில மில்லிமீட்டர் அப்பால், உயிர்வளியற்ற சேற்றில், வேறு வகை நுண்ணுயிரிகள் அதே நைட்ரேட்டை நைட்ரஜன் வளியாக்கிக் காற்றில் விட்டுவிடுகின்றன. பாஸ்பரஸ் மண்துகள்களில் ஒட்டியும் செடியின் உடலில் சேர்ந்தும் தங்குகிறது. ஆகவே ஆண்டுதோறும் செடிகளை அறுத்து வெளியேற்றாவிட்டால் அவை மடிந்து அழுகி அதனை மீண்டும் நீரிலேயே சேர்த்துவிடும். மீட்புப் பணிகள் பெரும்பாலும் திறப்பு விழாவுக்குப் பின் தோற்பது இந்த இடத்தில்தான்: சம்பு அறுப்பதற்கும் வண்டல் தொட்டியை ஆண்டுக்கிருமுறை அள்ளுவதற்கும் யார் பொறுப்பு, எந்தத் தலைப்பில் பணம் என்பது ஒப்பந்தங்களில் எழுதப்படுவதில்லை.

தூர்வாருதல் என்பதையே ஏரி மீட்பாக எண்ணும் பழக்கமும் மாற வேண்டியது. ஏரியின் அடியைச் செங்குத்தாக வெட்டி ஆழப்படுத்தி, சுற்றிலும் கருங்கல் பதித்து, நடைபாதையும் விளக்கும் அமைத்தால் பார்வைக்கு அழகாக இருக்கும்; ஆனால் ஏரியின் உயிர் ஓரத்தில் இருக்கிறது. கரையிலிருந்து மென்சரிவாக இறங்கும் ஆழமற்ற ஓரப்பகுதியில்தான் கோரை முளைக்கிறது, மீன் முட்டையிடுகிறது, நீலத்தாழைக்கோழி கூடு கட்டுகிறது, தவளை பெருகுகிறது, கொசுப்புழுவைத் தின்னும் தும்பியின் இளம்புழுக்கள் வளர்கின்றன. அந்த ஓரத்தைக் கல்லால் அழித்துவிட்டு நடுவில் ஒரு மண்தீவு எழுப்பி, பறவைகளுக்கு அது போதும் என்பது சரியான ஈடாகாது. கரையில் நடும் மரங்களிலும் தேர்வு தேவை: நீர்மருதும் நீர்க்கடம்பும் புங்கையும் நாட்டுக்கருவேலமும் ஈரத்தைத் தாங்கும், கரையின் வெளிச்சரிவில் பனை மண்ணைப் பிடித்து நிற்கும்.

ஏரிக்கு வருமுன்பே நீரைக் குறைக்கும் வழி வீட்டின் கூரையில் தொடங்குகிறது. 1,000 சதுர அடிக் கூரையில் 10 செ.மீ. மழை பெய்தால் கிடைப்பது ஏறத்தாழ 9,300 லிட்டர். 2003இல் தமிழ்நாடு அரசு எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர்ச் சேகரிப்பைக் கட்டாயமாக்கியது. இந்தியாவில் வேறெந்த மாநிலமும் அதற்கு முன் இவ்வளவு பரவலாகச் செய்திராத அந்நடவடிக்கையின் பின் பல பகுதிகளில் நிலத்தடி நீர்மட்டம் உயர்ந்தது. பின்னாளில் கண்காணிப்பு தளர்ந்து, குழிகள் வண்டலால் அடைந்துபோயின. மேலும், ஒரே வடிவக் குழி எல்லா மண்ணுக்கும் பொருந்தாது. பெசன்ட் நகர், திருவான்மியூர் போன்ற கடற்கரை மணலில் சிறு குழியே போதும். வேளச்சேரியின் களிமண்ணில் அத்தகைய குழி நிறைந்து நிற்குமே தவிர உறிஞ்சாது என்பதால், களியைத் துளைத்து அடியிலுள்ள மணல் அடுக்கை எட்டும் உறைகிணறு வேண்டும். பல்லாவரம், கிண்டிப் பக்கம் சார்னோகைட் பாறையின் விரிசல்களைத் தேடி நீரை இறக்க வேண்டும்.

கூரைக்கும் ஓடைக்கும் உள்ள தொடர்பை ஆஸ்திரேலியாவில் மெல்பர்ன் நகரின் கிழக்குப் புறநகரான மவுண்ட் எவ்லினில் ஆய்வாளர்கள் நேரடியாகவே சோதித்தனர். லிட்டில் ஸ்டிரிங்கிபார்க் என்ற சிற்றோடை நலிந்ததற்கு, கூரைகளும் சாலைகளும் குழாய்களால் அதனோடு நேராக இணைக்கப்பட்டிருப்பதே முதன்மைக் காரணம் என்று கருதிய அவர்கள், ஓடைக்கரையில் செடி நடுவதற்கு முன், வீட்டு உரிமையாளர்களுக்குப் பண உதவி வழங்கி, கூரை நீரைத் தொட்டிகளுக்கும் மழைத்தோட்டங்களுக்கும் திருப்பச் செய்தனர். மழைத்தோட்டம் என்பது மணல் கலந்த மண்ணை நிரப்பி, நனைவையும் காய்வையும் தாங்கும் செடிகளை நட்ட ஆழமற்ற பள்ளம். வழிந்துவரும் நீரைச் சில மணி நேரம் தேக்கி வடிகட்டி மண்ணுக்குள் விடும். ஓடையின் நோய்க்கு மருந்து ஓடையில் இல்லை, அதன் நீர்ப்பிடிப்புப் பகுதியில் இருக்கிறது என்ற அந்த அணுகுமுறை தென்சென்னைக்கும் பொருந்தும்.

ஆயினும் இதன் எல்லையையும் கணக்கிட்டே பேச வேண்டும். 2015 டிசம்பரில் தாம்பரத்தில் பெய்த 49 செ.மீ. மழை பள்ளிக்கரணையின் 250 சதுர கிலோமீட்டர் நீர்ப்பிடிப்பு முழுவதிலும் பெய்திருந்தால், விழுந்த நீர் 12 கோடி கன மீட்டருக்கு மேல், அதாவது சுமார் 4.3 டி.எம்.சி.; செம்பரம்பாக்கம் ஏரியின் முழுக் கொள்ளளவே 3.645 டி.எம்.சி.தான். ஒரு லட்சம் வீடுகள் தலா 9,300 லிட்டரைத் தம் மனைக்குள் இறக்கினாலும் 0.03 டி.எம்.சி.யைச் சற்றே தாண்டும். கூரைநீர்ச் சேகரிப்பு சிறு மழையிலும் நடுத்தர மழையிலும் பெரும்பயன் தருகிறது, கோடைக் கிணற்றைக் காக்கிறது, முதற்பெருக்கின் மாசைக் குறைக்கிறது. பெருமழையை ஏற்பதற்கு ஏரிகளின் காலிக் கொள்ளளவும் சதுப்பு நிலத்தின் பரப்பும் தவிர வேறு மாற்று இல்லை. மக்கள் தம் வீட்டில் குழி வெட்டவில்லை என்று குறை கூறிக்கொண்டே சதுப்பில் கட்டட அனுமதி வழங்குவது எந்தக் கணக்கிலும் நேராகாது.

ஊர் என்பதும் ஒரே குரல் அன்று. ஏரியின் உட்புறத் தாழ்நிலத்தில் வீடு கட்டியவர்கள் கலங்கலின் மட்டத்தைக் குறைக்கக் கேட்பர். கரைக்கு அப்பால் கிணற்று நீரை நம்பியவர்கள் அதனை உயர்த்தக் கேட்பர். பெருமழை இரவில் மேலூரார் கரையை வெட்டிவிட்டால் கீழூர் மூழ்கும். ஆக்கிரமிப்பு அகற்றம் என்ற பெயரில் முதலில் இடிபடுவது பெரும்பாலும் கூலித்தொழிலாளரின் குடிசைகள். அடையாற்றங்கரையிலும் கூவங்கரையிலும் இருந்து அவ்வாறு அகற்றப்பட்ட பல்லாயிரம் குடும்பங்கள் கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் ஆகிய இடங்களில் குடியமர்த்தப்பட்டன. அவ்விடங்களோ பள்ளிக்கரணையைச் சார்ந்த தாழ்நிலங்கள், மழைதோறும் நீர் சூழ்பவை. நீர்நிலையைக் காக்க ஏழைகளை அகற்றி, அவர்களை மற்றொரு நீர்நிலையில் கொண்டுபோய்க் குடியமர்த்தியது சூழலியலுக்கும் நீதிக்கும் ஒருசேர இழைத்த தவறு. அதே சதுப்பின் மேல் பட்டாவோடு நிற்கும் பெருங்கட்டடங்கள் இந்த விவாதத்தில் எளிதில் மறைந்துவிடுகின்றன.

நிர்வாகமும் சங்கிலியாக இல்லை. ஏரி நீர்வளத்துறைக்கும், தெருவோர வடிகால் மாநகராட்சிக்கும், சதுப்பு நிலம் வனத்துறைக்கும், சாலைக்கடிப் பாலம் நெடுஞ்சாலைத் துறைக்கும் உரியன. நீர் ஒரே மணி நேரத்தில் இந்த நான்கு எல்லைகளையும் கடந்துவிடுகிறது. பல்லாவரம் பெரிய ஏரியைப் பிளந்தும் சதுப்பின் குறுக்கே ஓடியும் செல்லும் துரைப்பாக்கம் ஆரச்சாலையின் அடியில் விடப்பட்ட நீர்வழிகளின் அகலம், மேலேயுள்ள நான்கைந்து ஏரிகளின் தலைவிதியைத் தீர்மானிக்கிறது.

இந்தப் பிரிவினையின் விளைவு ஒக்கியம் மடுவில் மிகக் கூர்மையாகத் தெரிகிறது. வேளச்சேரியும் பள்ளிக்கரணையும் மூழ்கும் ஒவ்வோர் ஆண்டும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது நேர்ந்ததைப்போல, மடுவை அகலப்படுத்த வேண்டும் என்ற கோரிக்கை எழுகிறது. வாய் குறுகலாக இருந்தால் வெள்ளம் வடியத் தாமதமாகும் என்பது சரியே. ஆனால் வாயை மிகையாகத் திறந்தால் சதுப்பு நிலம் பருவம் முடியுமுன் வடிந்து, கோடையில் பக்கிங்காம் கால்வாயின் உவர்நீர் உள்ளேறி, நன்னீரை நம்பிய நாணலும் மீனும் நலியும். எந்த அகலம், எந்த அடிமட்டம் என்பதைத் தீர்மானிக்க, மேல் ஏரிகள் ஒவ்வொன்றின் கலங்கலிலும் எந்த மழைக்கு எவ்வளவு உயரத்தில் எத்தனை மணி நேரம் நீர் வழிந்தது என்ற தொடர்ச்சியான பதிவு வேண்டும். கலங்கல் சுவரில் சென்டிமீட்டர்க் கோடுகள் வரைந்து, கரையோரம் வசிப்போர் மழைநாட்களில் மணிக்கொருமுறை அதனைப் படித்துத் தேதியோடும் நேரத்தோடும் எழுதிவைத்தாலே அப்பதிவின் முதல் பகுதி உருவாகிவிடும். சிட்லபாக்கத்திலிருந்து நாராயணபுரம் வரை ஒரே பருவத்தில் ஒரே முறையில் அது எடுக்கப்பட்டால், எந்த இரண்டு ஏரிகளுக்கு இடையே நீர் தொலைகிறது அல்லது தேங்குகிறது என்பது அந்த ஏட்டிலேயே தெரியும், எந்தக் கால்வாயை முதலில் திறப்பது என்ற விவாதமும் அங்கிருந்து தொடங்கலாம்.